எல்லைக்கு வெளியே ஒரு சுற்றுவழி

பாலக்காட்டுக்குக் கிழக்கே, மலைகளுக்கு நடுவே திறந்து கிடக்கும் அந்த மேட்டுநிலத்தில், சைக்கிளில் செல்கிறவர்கள் தூரத்தை மைலால் கணக்கிடுவதில்லை, காற்றால் கணக்கிடுகிறார்கள். மார்கழி பிறந்தால் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று பங்குனி முடியும் வரையில் ஓயாது. ஆடியில் அதுவே மேற்கிலிருந்து புறப்படும். நிலமோ, உழுது விட்ட வயலைப் பெரிதாக்கி வைத்தது போல மேடும் பள்ளமுமாகக் கிடப்பது. எதிர்க்காற்றில் ஒரு மேட்டைக் கடக்கிற நேரத்தில், காற்று முதுகுப்புறம் இருந்தால் மூன்று மேடுகளைக் கடந்துவிடலாம்.

இதை நன்றாக அறிந்தவள் வேலம்பதியில் இருந்த கமலாத்தாள். சுகாதார நிலையத்தில் செவிலியாகப் பணிபுரிந்த அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஏழு ஊர்கள் அவள் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்குச் சென்றுவர அவளிடம் மூன்று வழிகள் இருந்தன: கிழக்குக் காற்றுக்கு ஒன்று, மேற்குக் காற்றுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. காற்றை எதிர்த்துச் செல்லும்போது, இருபுறமும் கிளுவை வேலி உயர்ந்து நிற்கும் இட்டேரிகளின் வழியாகச் செல்வாள். வண்டி ஒன்று மட்டுமே செல்லக்கூடிய அந்தச் சந்துகளுக்குள் காற்று இறங்குவதில்லை. திரும்பும்போது வெட்டவெளி மேட்டின் வழியாக வருவாள். காற்றே தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிடும்.

சைக்கிள் ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவள் கணவன் சின்னமுத்து. நிலக்கடலை விவசாயியான அவன், வற்றிய குளத்தின் நடுவே அவளை ஓட்டவிட்டுக் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். விழுந்தால் ஓடி வந்து தூக்க மாட்டான். அவளாக எழுந்து வந்ததும், அவளுக்கும் சைக்கிளுக்கும் ஒரே குணம் என்றும், நிறுத்தினால் இரண்டும் சாய்ந்துவிடும் என்றும் கூறிச் சிரிப்பான். கேலி என்றாலும் அதில் உண்மை இருந்தது. தொடங்கிய ஒன்றைப் பாதியில் நிறுத்த அவளுக்குத் தெரியாது.

1974ஆம் ஆண்டு மார்கழியில் அவள் தொடங்கியது, கருப்பாத்தாள் என்னும் பெண்ணுக்குத் தொண்ணூறு ஊசி போடும் வேலை.

கருப்பாத்தாளுக்கு இருபத்து நான்கு வயது; காசநோய். வேலம்பதிக்குக் கிழக்கே ஐந்து மைல் தொலைவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருந்த கரும்பாறைப்பதியில் மாமியார் மருதாத்தாளுடன் வசித்துவந்தாள். கணவன் வண்டிப்பெரியாரில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தான். முந்தைய ஆண்டே அவளுக்கு ஊசி தொடங்கப்பட்டு, நாற்பதோடு நின்றுபோயிருந்தது. எட்டு மாதங்களில் இருமலும் இரத்தமும் திரும்பி வந்தன. இம்முறை டாக்டர் கமலாத்தாளை அழைத்து ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டார்: தொண்ணூறு நாள், நாளுக்கு ஒன்று, இடையில் ஒரு நாளும் விடக்கூடாது, இந்த முறையும் அறுபட்டால் மருந்து உடம்பில் வேலை செய்யாமல் போய்விடலாம், அதற்குப் பிறகு கொடுப்பதற்குத் தம்மிடம் வேறொன்றும் இல்லை.

நோயாளியை நிலையத்துக்கு வரச் சொல்ல வழியில்லை. மருமகளுக்கு என்ன நோய் என்பதை மருதாத்தாள் ஊருக்குத் தெரிவிக்கவில்லை; "இளைப்பு" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். தினமும் அவளைப் பேருந்தில் ஏற்றினால் ஊர் கேள்வி கேட்கும். ஆகவே தானே செல்வதென்று கமலாத்தாள் முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, பொங்கலும் உண்டு. விடியற்காலையில் கண்ணாடிச் சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைத்துத் தகரப் பெட்டியில் மூடி, கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்புவாள். பத்து மணிக்குள் நிலையத்துக்குத் திரும்பிவிடுவாள்.

மருதாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. செவிலியின் நோட்டுப் புத்தகத்தின் மீதும் அவளுக்கு நம்பிக்கையில்லை. ஒவ்வோர் ஊசிக்கும் ஒரு நிலக்கடலையைத் தோலோடு எடுத்து, அடுப்படியில் இருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டுவந்தாள்.

தொண்ணூறு நாளைக் கணக்கிட்டபோது கமலாத்தாள் செய்த தவறு ஒன்றே ஒன்று. கரும்பாறைப்பதி மாரியம்மன் நோம்பி என்னும் திருவிழா ஒவ்வோர் ஆண்டும் பங்குனிக் கடைசியில்தான் வரும். அதற்குள் ஊசி முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தாள். அந்த ஆண்டு மழை பொய்த்தது. கிணறுகள் தரை தட்டின. அம்மனைக் குளிரவைத்தால் மழை வருமென்று ஊர் கூடி முடிவெடுத்து, நோம்பியை மாசிக்கே முன்னே இழுத்துவிட்டது. ஐம்பத்து மூன்றாவது ஊசி போட்டுவிட்டு வெளியே வந்தபோது, தெருவில் பறையடித்து நோம்பி சாட்டுவதை அவள் கேட்டாள். அடுத்த செவ்வாய் இரவு கோயில் முன் வேப்பமரக் கம்பம் நடுவார்கள் என்றும், பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவார்கள் என்றும் அறிவிப்பு வந்தது.

அவள் அப்படியே திரும்பி வீட்டுக்குள் சென்றாள். மருதாத்தாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கம்பம் நட்டாச்சுன்னா ஊருக்குள்ள ஊசி எடுக்கக் கூடாதுங்க அம்மிணி. கிழிஞ்ச துணியக்கூடத் தைக்க மாட்டோம். அம்மன் மேல குத்துன மாதிரி ஆயிரும். போன வருசமும் அதுக்குத்தான் நிறுத்துனது" என்றாள்.

போன ஆண்டு ஏன் நாற்பதோடு நின்றது என்பது கமலாத்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் வாதாடவில்லை. வேலம்பதியிலும் மாரியம்மன் கோயில் உண்டு. அவளும் அந்த வழக்கங்களுக்குள் வளர்ந்தவள்தான். கம்பம் நடுவதற்கு முன்பே கருப்பாத்தாளைத் தன் வீட்டுக்கு அழைத்துச்சென்று பதினைந்து நாள் வைத்துக்கொள்வதாகக் கூறிப் பார்த்தாள். மருதாத்தாள் அதற்கு ஒப்பவில்லை. நோம்பிக்கு மகன் வண்டிப்பெரியாரிலிருந்து வரப்போகிறான். அந்த நேரத்தில் மருமகள் வீட்டில் இல்லையென்றால், நோய்க்காக விரட்டிவிட்டார்கள் என்று ஊர் பேசும். கம்பம் நடும் இரவில் ஊரில் இருந்தவர்களோ, அதன் பிறகு எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும்.

"பகலில் போகலாம்" என்னும் அந்தச் சொல்லைக் கமலாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

நேரே கோயிலுக்குச் சென்றாள். பூசாரி அப்புசாமி மெலிந்த மனிதர். கம்பத்துக்கு வெட்டி வந்த வேப்ப மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தார். அம்மனின் எல்லை எதுவரை என்று அவள் கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கம்பம் நடும் இரவில் சோறும் இரத்தமும் கலந்து நான்கு மூலையிலும் எறிந்து எல்லை கட்டுவது அவர்தான். மேற்கே புளியமரத்துக் கல், தெற்கே குளத்து மதகு, வடக்கே மணல் பள்ளம், கிழக்கே மாநில எல்லைக் கல் என்று விரல்விட்டு எண்ணிக் கூறினார்.

"அந்தக் கல்லுக்கு அந்தப்புறம் ஊசி போட்டா?"

"அந்தப்புறம் நம்மூரே இல்லீங்களே. அங்கெ நம்ம அம்மனுக்கு என்ன வேலை?" என்றார் பூசாரி. பிறகு யோசித்து, "ஆனா பெட்டியோட ஊருக்குள்ள பூந்து போயிராதீங்க அம்மிணி. பெட்டிக்குள்ள இருந்தாலும் ஊசி ஊசிதானுங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. கமலாத்தாள் வருவது மேற்கிலிருந்து. மேற்கு எல்லையான புளியமரத்துக் கல், கருப்பாத்தாளின் வீட்டிலிருந்து ஒன்றரை மைல்; நடுவில் நிழலில்லாத மேடு. நாலடி நடந்தாலே இருமுகிற பெண் புழுதிக் காற்றில் அவ்வளவு தொலைவு நடந்து திரும்ப முடியாது. கிழக்கே இருந்த எல்லைக் கல்லோ அவள் வீட்டுக்கு இரண்டு கடலைக்காடு தள்ளித்தான். அங்கே அவள் வரலாம். அப்படியானால் ஊசிப் பெட்டிதான் ஊருக்குள் நுழையாமல், முழு எல்லையையும் வெளியே சுற்றிக்கொண்டு கிழக்கே போய்ச் சேர வேண்டும்.

அப்படியொரு சைக்கிள் வழி அதுவரையில் இல்லை. கமலாத்தாள் அதை உண்டாக்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டு முடித்த பிறகு, சின்னமுத்துவையும் வரச்செய்து இருவருமாக வழி தேடினார்கள். வடக்குப் பக்கம் குறைந்த தொலைவுதான். ஆனால் மணல் பள்ளத்தில் சக்கரம் புதைந்தது, எதிர்க்காற்றில் தள்ளவும் முடியவில்லை. தெற்கே சுற்றினால் கூடுதலாக மூன்று மைல். குளத்து மதகுக்கு வெளியே இட்டேரி ஒன்று கிழக்கு நோக்கி ஒரு மைல் ஓடியது. அதன் பிறகு மூன்று மேடுகள், இரண்டு பள்ளங்கள். கடைசி மேட்டிலிருந்து எல்லைக் கல் வரையில் பனைமரங்களின் வரிசை. மூன்றாவது மேட்டின் பாதியில் சின்னமுத்து சைக்கிளைக் கீழே கிடத்திவிட்டு அதன் பக்கத்தில் தானும் அமர்ந்துகொண்டான்.

"ஏம்புள்ளெ, அம்மனே பல்லக்குல வந்தாக்கூட இந்த மேட்டுல எறங்கி நடப்பா" என்றான்.

"அதுக்குத்தான் நான் நாலு மணிக்கே கெளம்பறனுங்க. கெழக்குக் காத்து வலுக்கறதுக்குள்ள இட்டேரியெத் தாண்டிரணும்" என்றாள் அவள்.

போகும்போது தெற்கு, வரும்போது வடக்கு என்று முடிவாயிற்று. திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். மணலில் இறங்கித் தள்ளினாலும் வலி தெரியாது.

செவ்வாய் இரவு கம்பம் நட்டார்கள். புதன்கிழமை காலையில், சூரியன் தலைகாட்டும்போது, கமலாத்தாள் எல்லைக் கல்லுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தாள். மருதாத்தாள் மருமகளைக் கல் வரையில் அழைத்துவந்து, தான் இந்தப்புறமே நின்று முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கருப்பாத்தாள் கல்லைத் தாண்டினாள். புழுதி படாமல் மருந்தைக் கலக்கக் கமலாத்தாள் காற்றுக்கு முதுகைக் காட்டி, முந்தானையைக் கூடாரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறுபத்தோராவது ஊசி அப்படித்தான் ஏறியது. மருதாத்தாளின் டப்பாவில் அறுபத்தோராவது கடலையும் விழுந்தது.

கம்பம் நட்ட பிறகு வண்டிப்பெரியாரிலிருந்து வந்த கணவன் இரண்டு நாள் தானும் கல் வரையில் வந்தான். தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று வருந்திய அவனிடம், தாயைச் சமாதானப்படுத்தினாலே பெரிய உதவி என்று கமலாத்தாள் கூறினாள். அதைவிட அந்த மூன்று மேடுகளைச் சமன்படுத்துவது எளிது என்று பதில் சொல்லிவிட்டு, அவன் வேலைக்குத் திரும்பினான்.

நிலையத்தின் மேற்பார்வையாளர் சூசையப்பன் பயண நாட்குறிப்பைப் பார்க்கும்போது, "கரும்பாறைப்பதி, கிழக்கு எல்லை" என்று நாள்தோறும் எழுதியிருப்பதைக் கவனித்தார். கல்லுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்தப் பக்கம் என்று கமலாத்தாள் மறைக்காமல் கூறினாள். கேரளத்து மருந்தைத் தமிழ்நாட்டில் போடுவதாகுமே என்று அவர் தலையைச் சொறிந்தார். மருந்து அந்தப்புறம் ஏறினாலும் நோயாளி இந்தப்புறம்தான் இருமுகிறாள் என்றாள் அவள். அவர் கையெழுத்திட்டுவிட்டு, மழைக்காலத்தில் இந்த ஏற்பாடு வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் வந்தது. அன்று மாவிளக்கு. ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஏழு மணிக்குள் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மறுநாள் விடியும் வரையில் அவர்கள் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. ஆகவே ஏழு மணிக்கு முன் ஊசி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் எழுபத்திரண்டாம் நாள் வெறும் நாளாகப் போகும்.

கமலாத்தாள் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். இட்டேரியை இருட்டிலேயே தாண்டினாள். முதல் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது பின்சக்கரம் கீழே இருந்து இழுத்தது. இறங்கிப் பார்த்தாள். விரல் நீள வேலமுள் ஒன்று டயரைத் துளைத்திருந்தது. ஒட்டுப் போடும் சாமான் அவளிடம் இருந்தது. ஆனால் முள்ளோடு உருண்டு வந்ததில் டியூப் இரண்டு சாண் அளவுக்குக் கிழிந்துபோயிருந்தது. ஒட்ட வழியில்லை.

அவள் ஒரு நிமிடம் நின்றாள். அதற்கு மேல் நிற்கவில்லை. சைக்கிளைக் கிளுவை வேலிக்குள் சாய்த்தாள். தகரப் பெட்டியை முந்தானையில் முடிந்து இடுப்போடு கட்டினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னும் இரண்டேகால் மைல்; எல்லாம் ஏற்றம் இறக்கம்; காற்று நேர் முகத்தில். சைக்கிளில் வந்தபோது அந்தக் காற்றை எதிரியாக நினைத்திருந்தாள். நடந்தபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ஓர் அடி வைத்தால் அரை அடி அதற்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பனைமரங்கள் தலையை மேற்கே சாய்த்துக்கொண்டு, திரும்பிப் போ என்பது போல அவளுக்கு வழியைக் காட்டின. அவள் தலையைக் குனிந்து, காலடியில் இருந்த மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். இரண்டாவது மேட்டைக் கடந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஊர்ப்பக்கமிருந்து மேளம் கேட்டது. பெண்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். இந்த நடையில் ஏழுக்குள் போய்ச்சேர முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் நடையைக் குறைக்கவில்லை.

மூன்றாவது மேட்டின் அடிவாரத்தில் அவள் தலை நிமிர்ந்தபோது, மேட்டின் மீதிருந்து இரண்டு பேர் இறங்கி வருவது தெரிந்தது. முன்னால் வந்தவள் மருதாத்தாள், இடுப்பில் செம்பு. அவள் தோளைப் பிடித்தபடி, நின்று நின்று இறங்கியவள் கருப்பாத்தாள். இருவரும் ஊர் எல்லைக்கு வெளியே, கமலாத்தாள் உண்டாக்கிய வழியிலேயே வந்துகொண்டிருந்தார்கள்.

கமலாத்தாளுக்குப் பேச மூச்சில்லை. மருதாத்தாள்தான் பேசினாள்.

"பதினோரு நாளா எனக்கு முந்தி வந்து கல்லுகிட்ட நிக்கறவ, இன்னைக்கு வரலீன்னா எங்கெயோ பள்ளத்துல கெடக்கறான்னுதானுங்களே அர்த்தம். அதுதான் நாங்களே எதுக்கால வந்தம். தண்ணி குடிங்க மொதல்ல."

"பெரியம்மா, மாவிளக்கு?"

"மாவு இடிச்சு வெச்சிருக்குது. அம்மன் எங்கெயும் போயிர மாட்டா. இவதான் போயிருவா" என்று மருமகளைக் கண்ணால் காட்டினாள்.

பனையடியில் கருப்பாத்தாளை உட்கார வைத்தார்கள். காற்று புழுதியை வாரி இறைத்தது. மருதாத்தாள் தன் சேலைத் தலைப்பை இரு கைகளாலும் விரித்து, காற்றுக்குக் குறுக்கே சுவராக நின்றாள். அப்படி நின்றதால் அவளால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. கமலாத்தாள் குப்பியில் நீரை ஏற்றிக் குலுக்கினாள்; மருந்தை இழுத்தாள்; ஊசியைச் செலுத்தினாள். மருதாத்தாள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனூண்டுதானுங்களா?" என்று கேட்டாள். "நான் என்னமோ கடப்பாறை கணக்கா நெனச்சுப் போட்டேன்."

கருப்பாத்தாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலில் முடியவில்லை. அதை மூவரும் கவனித்தார்கள். மாமியாரும் மருமகளும் மேட்டில் ஏறித் திரும்பினார்கள். ஏழு மணி தாண்டித்தான் மாவிளக்கு எடுத்தார்கள் என்றும், ஏன் தாமதம் என்று கேட்ட பெண்களிடம் மருதாத்தாள் மருமகளின் நோயின் பெயரையே கூறி, எழுபத்திரண்டு ஊசி ஆகிவிட்டது என்று பெருமையடித்துக்கொண்டாள் என்றும் பின்னால் பூசாரி கமலாத்தாளிடம் தெரிவித்தார்.

கம்பத்தைக் கிணற்றில் விட்ட மறுநாள் முதல் ஊசிப் பெட்டி மீண்டும் ஊருக்குள் சென்றது. பங்குனி நடுவில் தொண்ணூறாவது ஊசி ஏறியது. கமலாத்தாள் நோட்டில் கடைசிக் கோட்டை இழுத்து மூடினாள். மருதாத்தாள் அடுப்படியிலிருந்து பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து முறத்தில் கவிழ்த்து எண்ணினாள். எண்பத்தாறு இருந்தன. மறுபடி எண்ணினாள். எண்பத்தாறுதான். டப்பாவின் மூடியில் எலி கடித்த ஓட்டை இருந்தது. அடியில் கடலைத் தொலியும் கிடந்தது. கமலாத்தாள் அதைக் காட்டினாள். நோட்டுப் புத்தகத்தையும் காட்டினாள்.

"ஏனுங்க அம்மிணி, கடலையெத் தின்ன எலி காயிதத்தெத் திங்காதுங்களா?" என்றாள் மருதாத்தாள். "நாலு கொறையுது. இத்தனை பாடுபட்டுட்டு நாலு ஊசிக்கா இவளெ விடறது? நீங்க போடலீன்னா நான் டாக்டருகிட்டவே கேட்டுப்போடறேன்."

எவ்வளவு கூறியும் அவள் கேட்கவில்லை. தொண்ணூறு போதும், இனி ஒரு வருடம் மாத்திரைதான் என்று டாக்டரே தம் வாயால் கூறினால்தான் நம்புவேன் என்று நின்றாள். கருப்பாத்தாளின் சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்கக் கமலாத்தாள் அன்று எப்படியும் நிலையத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்துச் சைக்கிளின் முன் கூடையில் கட்டினாள். ஊசிப் பெட்டி இருந்த கேரியர் இப்போது காலியாக இருந்தது. மருதாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறி அமர்ந்தாள். எண்பத்தாறு கடலைகளும் டப்பாவோடு அவள் மடியில் இருந்தன. டாக்டருக்குக் காட்டச் சாட்சி வேண்டுமல்லவா?

தெரு முனையில் கமலாத்தாள் மேற்கே திருப்பியதும், சுற்றுவழி போகவில்லையா என்று மருதாத்தாள் கேட்டாள்.

"கம்பந்தான் எடுத்தாச்சுங்களே. நேர் வழியே போலாங்க பெரியம்மா" என்றாள் கமலாத்தாள். "கெட்டியாப் புடிச்சுக்குங்க. மேட்டுல காத்து தள்ளும்."

வாசலில் நின்ற கருப்பாத்தாள், மாமியாரை ஏற்றிக்கொண்டு சைக்கிள் மேடேறுவதையும், உச்சியில் காற்று பிடித்துக்கொண்டதும் மிதிக்காமலே விரைவதையும் இருமாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து வந்த பரிசோதனை முடிவில், சளியில் கிருமி இல்லை என்று எழுதியிருந்தது. நாலு ஊசி பாக்கி என்று மருதாத்தாள் அதற்குப் பிறகும் சில காலம் கூறிக்கொண்டிருந்தாள்.